மூன்று புள்ளிகளுக்குப் பின்னால்

தொடர்: கணக்கு எழுதும் கைகள் – 12

கல்லாவி, சாமல்பட்டி, ஊத்தங்கரை பக்கத்து ஊர்களிலிருந்து பர்கூர், போச்சம்பள்ளி, ஓசூர் சிப்காட் ஆலைகளுக்குப் போகிறவர்களில் பலர் லேபர் காண்ட்ராக்டர் வழியாகத்தான் உள்ளே நுழைகிறார்கள். சேரும் அன்று என்னென்ன கொடுக்க வேண்டும் என்பது வீட்டிலுள்ள எல்லோருக்கும் மனப்பாடம். ஆதார் நகல், பேங்க் பாஸ்புக்கின் முதல் பக்கம், முன்பு வேறு எங்காவது வேலை பார்த்திருந்தால் அந்த பி.எஃப். எண், இ.எஸ்.ஐ. எண், போட்டோ, செல் நம்பர், அவசரத்துக்குக் கூப்பிட அப்பா அல்லது அண்ணன் நம்பர். காகிதங்கள் அலமாரிக்குப் போகும். அவற்றில் உள்ளதெல்லாம் எக்செல் ஷீட் ஒன்றில் ஏறும். ஓர் ஆளுக்கு ஒரு வரிசை. ஒரு மனிதரின் பெயர், வயது, சாதி, ஊர், சம்பளம், கைபேசி, வங்கிக் கணக்கு எல்லாம் இடமிருந்து வலமாக அந்த ஒற்றை வரிசையில் அடங்கிவிடும்.

சென்ற வாரம் வருகைப் பதிவும் ஓவர்டைம் கணக்கும் எப்படி எழுதப்படுகின்றன என்று பார்த்தோம். இந்த வாரம் அந்த வரிசை யார் யார் கைக்குப் போகிறது என்பதைப் பார்க்க வேண்டும். எனக்கு இந்தத் தொடரிலேயே மிகவும் கவலை தருகிற பகுதி இதுதான்.

பஸ் ரூட் பார்க்கிறவருக்குப் பெயரும் ஏறுமிடமும் போதும். ஷிப்ட் சூப்பர்வைசருக்குப் பெயர், டோக்கன் நம்பர், எந்த லைன் என்பது போதும். ஹாஸ்டல் வார்டனுக்கு அறை எண்ணும் வீட்டு நம்பரும் வேண்டும். ஆடிட்டருக்குச் சம்பளமும் பிடித்தமும். பேங்குக்கு அக்கவுண்ட் நம்பரும் ஐ.எஃப்.எஸ்.சி. எண்ணும். பெங்களூரில் இருக்கும் தலைமை அலுவலகத்துக்கு மொத்தத் தலை எண்ணிக்கை. ஆளுக்கொரு ஃபைல் என்று பிரித்து வைத்தால், யாரோ ஒருவர் வேலையை விட்ட மறுநாளே எந்த ஃபைலில் இருப்பது சரி என்ற குழப்பம் வந்துவிடும். அதனால் ஒரே ஃபைலை எல்லோருக்கும் பொதுவாக வைத்துக்கொள்கிறார்கள். அதுவரை நியாயம்தான்.

இப்படி ஒரு பேச்சு எந்தக் காண்ட்ராக்டர் ஆபீஸிலும் காதில் விழும்:

“அக்கா, நைட் ஷிப்ட் லிஸ்ட்டை வாட்ஸ்அப்ல போட்டு விடுங்க, பஸ் கெளம்பப் போவுது.”

“இரு தம்பி, ஆதாரு, பேங்க் நம்பரையெல்லாம் ஹைட் பண்ணிட்டு அனுப்பறேன்.”

அந்த அக்கா அலட்சியக்காரர் அல்ல. பிறத்தியார் விவரத்தைப் பொத்திக் காக்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு இருக்கிறது. அந்த எண்ணத்தால்தான் ஹைட் பண்ணுகிறார். ஆனால் அவர் கையில் இருக்கும் கருவி அவர் நினைக்கிற வேலையைச் செய்யவில்லை. அனுப்பிய ஃபைலில் எல்லா ஆதார் எண்ணும் அப்படியே போய்ச் சேர்கிறது.

எக்செல்லில் ஒரு நெடுவரிசையை ஹைட் செய்தால் நடப்பது ஒன்றே ஒன்றுதான். அதைத் திரையில் காட்டாதே என்று ஒரு குறிப்பு ஃபைலுக்குள் எழுதப்படுகிறது. எண்களில் ஒன்றுகூட நகர்வதில்லை, அழிவதில்லை. இரு பக்கத்து நெடுவரிசைகளையும் சேர்த்துத் தேர்ந்து ரைட் கிளிக் செய்து அன்ஹைட் கொடுத்தால் எல்லாம் திரும்பி வரும். ஒரு முழு ஷீட்டை ஹைட் செய்தாலும் இதே கதை. கீழே இன்னொரு ஷீட்டின் பெயர் மேல் ரைட் கிளிக் செய்தால், மறைந்திருக்கும் ஷீட்டுகளின் பட்டியலே வரும். மேக்ரோ எழுதத் தெரிந்தவர்கள் ‘வெரி ஹிடன்’ என்று ஒரு நிலை வைப்பார்கள். அப்படி வைத்த ஷீட் அந்தப் பட்டியலில் வராது. மேக்ரோ எழுதும் திரையைத் திறந்தால் அங்கே இருக்கும். எழுத்தை வெள்ளை நிறமாக்கி வெள்ளைத் தாளில் மறைப்பவர்களும் உண்டு. அந்தச் செல்லைத் தொட்டால் மேலேயுள்ள ஃபார்முலா பட்டையில் அப்படியே தெரியும்.

சரி, ஷீட்டுக்குப் பாஸ்வேர்டு போட்டுவிட்டால்? இங்கேதான் படித்தவர்களும் ஏமாறுகிறார்கள். ‘புரொடெக்ட் ஷீட்’ என்ற வசதி செல்களைத் தவறுதலாக மாற்றிவிடாமல் தடுக்க வந்தது. அந்த வேலைக்கு அது அருமையான வசதி, எந்தக் கணக்கு ஆபீஸிலும் கட்டாயம் பயன்படுத்த வேண்டியது. ஒரு சம்பள ஷீட்டில் பி.எஃப். 12 சதவீதம், இ.எஸ்.ஐ. 0.75 சதவீதம் என்று பிடித்தம் கணக்கிடும் ஃபார்முலாக்கள் நூற்றுக்கணக்கில் இருக்கும். மாதக் கடைசி அவசரத்தில் ஒரு ஃபார்முலா மேல் யாராவது நேரடியாக ஓர் எண்ணை அடித்துவிட்டால், அடுத்த மாதமும் அதற்கடுத்த மாதமும் ஒரு தொழிலாளியின் சம்பளம் தப்பாகவே வரும், ஏனென்று யாருக்கும் தெரியாது. அதைத் தடுப்பதற்கு வழி இருக்கிறது. எக்செல்லில் எல்லாச் செல்லும் பிறக்கும்போதே ‘லாக்’ குறியோடுதான் பிறக்கின்றன. ஷீட்டைப் புரொடெக்ட் செய்யும் வரை அந்தக் குறிக்கு வேலை இல்லை. ஆகவே ஆட்கள் நிரப்ப வேண்டிய செல்களில் மட்டும், அதாவது வேலை நாள், ஓவர்டைம் மணி, முன்பணம் ஆகியவற்றில் மட்டும், முதலில் லாக் குறியை எடுத்துவிட்டுப் பிறகு ஷீட்டைப் புரொடெக்ட் செய்ய வேண்டும். அப்போது நிரப்ப வேண்டிய இடம் திறந்திருக்கும், ஃபார்முலா பத்திரமாக இருக்கும். இதைச் செய்யாமல் மொத்தமாகப் பூட்டிவிட்டு, எழுதவே முடியவில்லை என்று எல்லோரும் சத்தம் போட, பாஸ்வேர்டையே குரூப்பில் போட்டுவிடுவதுதான் பல இடங்களில் வழக்கம்.

ரகசியம் காக்கிற வேலைக்கு மட்டும் அந்தப் பாஸ்வேர்டு உதவாது. இதை மைக்ரோசாஃப்ட் தன் உதவிப் பக்கங்களிலேயே சொல்லியிருக்கிறது: ஷீட் அளவிலான புரொடெக்‌ஷன் பாதுகாப்பு வசதியாகக் கருதப்படக் கூடாது. காரணம் எளிது. இன்றைய எக்செல் ஃபைல் என்பது உண்மையில் ஒரு ஜிப் பொட்டலம். அதன் பெயரின் கடைசிப் பகுதியை ஜிப் என்று மாற்றித் திறந்தால், உள்ளே ஒவ்வொரு ஷீட்டும் சாதாரண எழுத்துக் கோப்பாக இருக்கும். மறைத்த எண்களும் அதில் வெளிப்படையாக எழுதப்பட்டிருக்கும். ‘இந்த ஷீட் பூட்டப்பட்டது’ என்ற வரியும் அதில் ஒரு வரியாகவே இருக்கும். அந்த வரியை அழித்துவிட்டு மறுபடி பொட்டலம் கட்டினால் பூட்டு இல்லை. இவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். இன்னொரு ஃபைலைத் திறந்து, சமக்குறி போட்டு, பூட்டிய ஷீட்டில் மறைந்திருக்கும் செல்லின் முகவரியை அடித்தால், அதிலுள்ள எண் இங்கே வந்து நிற்கும். கல்லாப்பெட்டி மேல் துண்டைப் போட்டுவிட்டுக் கடையைத் திறந்து வைத்து டீ குடிக்கப் போகிறவரின் நிலைதான் ஹைட் செய்து அனுப்புகிறவரின் நிலையும்.

இதன் விலை எவ்வளவு என்று உலகம் ஒரு முறை தெளிவாகப் பார்த்தது. வட அயர்லாந்தில் காவல்துறை வேலை ஆபத்தானது. பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்க்கும் ஆயுதக் குழுக்களின் மிச்சம் இன்னும் அங்கே உண்டு. காரில் ஏறும் முன் அடியில் குண்டு இருக்கிறதா என்று குனிந்து பார்ப்பது அங்குள்ள போலீஸாருக்கு வழக்கம். தாங்கள் போலீஸ் என்று பக்கத்து வீட்டுக்காரரிடம், ஏன் சொந்தக்காரர்களிடம்கூடச் சொல்லாதவர்கள் பலர். 2023 பிப்ரவரியில் ஓமா நகரத்தில் ஓர் உயரதிகாரியை அவருடைய மகன் கண்ணெதிரிலேயே சுட்டார்கள். அவர் உயிர் பிழைத்தார். அதே ஆண்டு ஆகஸ்ட் 8ஆம் தேதி, தகவல் உரிமைச் சட்டப்படி ஒருவர் கேட்ட சாதாரணக் கேள்விக்குக் காவல்துறை பதில் அனுப்பியது. எந்தப் பதவியில் எத்தனை பேர் என்பதுதான் கேள்வி. பதிலாகப் போன எக்செல் ஃபைலில் எண்ணிக்கை அட்டவணை ஒன்று கண்ணுக்குத் தெரிந்தது. அந்த எண்ணிக்கையைக் கூட்டியெடுக்கப் பயன்பட்ட மூல ஷீட்டை யாரும் அழிக்கவில்லை. திரையின் அடியில், ஷீட் பெயர்கள் இருக்கும் இடத்தில், ‘இன்னும் இருக்கிறது’ என்று காட்டும் மூன்று புள்ளிகள் மட்டும் இருந்தன. பல கைகள் மாறி, சரிபார்க்கப்பட்டு வெளியே போன ஃபைல் அது. அந்த மூன்று புள்ளிகளை ஒருவரும் கவனிக்கவில்லை.

பொது இணையதளத்தில் அது இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாக இருந்தது. 9,483 காவலர்கள், ஊழியர்களின் குடும்பப் பெயர், முதலெழுத்து, பதவி, வேலை பார்க்கும் இடம், பிரிவு எல்லாம் அதில் இருந்தன. ஆயுதக் குழுவினர் கையில் அது சேர்ந்துவிட்டதாகவே கருத வேண்டும் என்று சில நாட்களில் காவல்துறைத் தலைவரே அறிவித்தார். அடுத்த மாதம் அவர் பதவி விலகினார். வீடு மாற்றியவர்கள் உண்டு. வேலையை விட்டவர்கள் உண்டு. 2024 அக்டோபரில் பிரிட்டனின் தகவல் ஆணையர் ஏழரை லட்சம் பவுண்டு அபராதம் விதித்தார். அரசுத் துறை என்பதற்காகக் குறைத்த தொகை அது. இல்லாவிட்டால் 56 லட்சம் பவுண்டு என்றும் சொன்னார். அந்தத் தீர்ப்பில் தொழில்நுட்பச் சிக்கல் என்று எதுவும் பெரிதாக இல்லை. சரிபார்க்கும் முறை போதவில்லை என்பதுதான் குற்றச்சாட்டு.

இதைவிடக் கொடியது ஒன்று அப்போது ரகசியமாகவே இருந்தது. 2022 பிப்ரவரியில் பிரிட்டன் பாதுகாப்புத் துறை அலுவலர் ஒருவர், ஆஃப்கானிஸ்தானிலிருந்து பிரிட்டனுக்கு வர விண்ணப்பித்தவர்களைச் சரிபார்ப்பதற்காக ஒரு ஷீட்டை வெளியே அனுப்பினார். சுமார் 150 வரிசைகளை அனுப்புவதாக அவர் நினைத்தார். ஃபைலில் மறைந்திருந்தவை சுமார் 33,000 வரிசைகள். பிரிட்டிஷ் படைகளோடு வேலை பார்த்தவர்கள் உட்பட ஏறத்தாழ 18,700 விண்ணப்பதாரர்கள். தாலிபான் கையில் கிடைத்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. ஒன்றரை ஆண்டு கழித்து, 2023 ஆகஸ்டில் அதன் ஒரு பகுதி ஃபேஸ்புக்கில் வந்த பிறகுதான் துறைக்கே விஷயம் தெரிந்தது. செய்தியே வெளிவராமல் நீதிமன்றத் தடை வாங்கி, ஆயிரக்கணக்கானவர்களை ரகசியமாகப் பிரிட்டனுக்குக் கூட்டி வந்தார்கள். 2025 ஜூலை 15 அன்று தடை நீங்கியபோதுதான் அந்தப் பட்டியலில் இருந்த பலருக்கே தங்கள் பெயர் வெளியே போனது தெரிந்தது.

போலீஸ், ராணுவம் என்றால் பெரிய விஷயம், நம் பக்கத்து லேபர் லிஸ்ட்டில் என்ன இருக்கிறது என்று யாராவது கேட்கலாம். ஓசூர் ஹாஸ்டலில் தங்கி வேலை பார்க்கும் பத்தொன்பது வயதுப் பெண்ணின் செல் நம்பரும், அவள் எந்த நேரத்தில் எந்த ஸ்டாப்பில் பஸ் ஏறுவாள் என்பதும் அந்த ஒரே வரிசையில் அடுத்தடுத்து இருக்கின்றன. அவளை ஆலைக்கு அனுப்பவே வீட்டில் பல நாள் பேசி அப்பாவைச் சம்மதிக்க வைத்திருப்பார்கள். தெரியாத நம்பரிலிருந்து இரவில் நான்கு அழைப்பு வந்தது என்று தெரிந்தால், விசாரிப்பது யாரை என்று யோசிக்காமல் அவளை ஊருக்குக் கூட்டிப் போய்விடுவார்கள். அவளுடைய சம்பளம், அவள் சீட்டுக் கட்டும் பணம், அவள் தங்கையின் காலேஜ் ஃபீஸ் எல்லாம் அங்கே நின்றுவிடும். இன்னொரு பக்கம், பெயர், பி.எஃப். எண், வங்கிக் கணக்கு, கைபேசி நான்கும் ஒன்றாகக் கிடைத்தவன் “உங்க பி.எஃப். பணம் வந்திருக்கு, ஓ.டி.பி. சொல்லுங்க” என்று கூப்பிட்டால், எண்ணையெல்லாம் சரியாகச் சொல்லும் அந்தக் குரலை நம்பாமல் இருப்பது கடினம். வட மாநிலத்திலிருந்து வந்து தங்கியிருக்கும் தொழிலாளிக்கு நம் மொழியில் புகார் சொல்லக்கூட வழியில்லை. இந்த ஷீட்டில் இருப்பவர்கள் எளியவர்கள். இழக்க அவர்களிடம் ஒரு மாதச் சம்பளமும் ஒரு நற்பெயரும்தான் உண்டு. அதனால்தான் இது பெரிய விஷயம் என்கிறேன்.

நம் நாட்டில் மறைத்ததாக நினைத்து மறைக்காமல் விட்ட பெரிய உதாரணமும் இருக்கிறது. 2017 மே மாதம் பெங்களூரின் இணையம் மற்றும் சமூகத்துக்கான மையம் ஓர் அறிக்கை வெளியிட்டது. நூறு நாள் வேலை, முதியோர் பென்ஷன் போன்ற திட்டங்களின் நான்கு அரசு இணையதளங்களை மட்டும் பார்த்ததில், ஏறத்தாழ 13 கோடிப் பேரின் ஆதார் எண்களும் சுமார் 10 கோடி வங்கிக் கணக்கு எண்களும் யாரும் எடுக்கும்படி கிடந்தன என்றது அது. ஓரிடத்தில் விவரங்கள் மறைத்துத்தான் காட்டப்பட்டிருந்தன. ஆனால் இணைய முகவரியில் ‘லாகின் இல்லை’ என்று பொருள்படும் சொல்லை ‘லாகின்’ என்று கையால் மாற்றினால் மறைப்பு விலகிவிட்டது. இதற்கு ஹேக்கர் யாரும் தேவைப்படவில்லை. அந்த ஆண்டு நவம்பரில், சுமார் 210 அரசு இணையதளங்கள் ஆதார் விவரங்களை வெளியே காட்டியதை ஆதார் ஆணையமே தகவல் உரிமைக் கேள்விக்கு ஒப்புக்கொண்டது.

எக்செல்லுக்குத் திரும்பினால், மறைவாக இருப்பதே தெரியாத இன்னொரு இடம் சுருக்க அட்டவணை போடும் பிவட் டேபிள். தலைமை அலுவலகம் ‘ஆண் எத்தனை, பெண் எத்தனை, எந்த சாதிப் பிரிவில் எத்தனை’ என்று சுருக்கம் கேட்கும். ஆபீஸில் பிவட் டேபிள் போட்டு, மூல ஷீட்டை அழித்துவிட்டு, சுருக்கத்தை மட்டும் அனுப்புவார்கள். அழித்த திருப்தியும் இருக்கும். ஆனால் பிவட் டேபிள் தன் கணக்குக்காக மூல விவரம் முழுவதையும் தனக்குள்ளேயே ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளும். வாங்கியவர் மொத்த எண் மேல் இரண்டு முறை கிளிக் செய்தால் புது ஷீட் ஒன்று திறந்து, அத்தனை பேரின் வரிசையும் கொட்டும். லண்டன் இஸ்லிங்டன் நகர சபை 2012இல் இப்படித்தான் 2,375 பேரின் விவரங்களை வெளியே விட்டு, 70,000 பவுண்டு அபராதம் கட்டியது. பிளாக்பூலில் ஒரு மருத்துவமனை நிர்வாகம் 6,574 ஊழியர்களின் விவரங்களை இதே வழியில் இணையத்தில் வைத்தது.

அப்படியானால் கல்லாவியிலோ ஊத்தங்கரையிலோ ஒரு சின்ன ஆபீஸில் உட்கார்ந்திருப்பவர் என்ன செய்வது? எனக்குத் தோன்றுகிற முதல் வேலை கம்ப்யூட்டரைத் தொடும் முன்பே இருக்கிறது: எந்த எண் எதற்கு வேண்டும் என்று கேட்பது. ஆதார் நெடுவரிசையையே எடுத்துக்கொள்வோம். புதிய ஆளுக்கு பி.எஃப். கணக்கு தொடங்கும்போது, இ.எஸ்.ஐ.யில் பதியும்போது, முழு ஆதார் எண் தேவை. அதை அந்தந்த அரசு இணையதளத்தில் ஒருமுறை ஏற்ற வேண்டும். அதன் பிறகு மாதாமாதம் பி.எஃப். கட்டுவதற்கு, பி.எஃப். உறுப்பினரின் 12 இலக்க எண்ணான யூ.ஏ.என். போதும். இ.எஸ்.ஐ. கட்டுவதற்கு 10 இலக்கக் காப்பீட்டு எண் போதும். பேங்குக்கு அனுப்பும் சம்பளப் பட்டியலில் ஆதாருக்கு இடமே இல்லை. அப்படியிருக்க, அந்த நெடுவரிசை ஆண்டுக்கணக்கில் பொது ஷீட்டில் ஏன் உட்கார்ந்திருக்க வேண்டும்? கடைசி நான்கு இலக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை அழித்துவிட்டால் எந்த வேலையும் நிற்காது. சாதி நெடுவரிசைக்கும் இதே கேள்வி. சூப்பர்வைசர் பார்க்கும் ஷீட்டில் அது ஒரு நாள்கூட இருக்கக் கூடாது. லைனில் யாரை எங்கே நிறுத்துவது என்பதில் அது நுழைந்துவிடும் என்பது நமக்குத் தெரியாததல்ல.

மீதமுள்ளதை இரண்டு ஃபைலாகப் பிரிக்கலாம். ஒன்றில் அடையாளமும் வங்கி விவரமும். இன்னொன்றில் டோக்கன் நம்பர், பெயர், ஷிப்ட், பஸ் ஸ்டாப், வேலை நாள். இரண்டையும் இணைப்பது டோக்கன் நம்பர் மட்டும். அன்றாடம் கை மாறுவது இரண்டாவது ஃபைல். முதல் ஃபைலுக்கு ஷீட் பூட்டு போதாது. ‘ஃபைல்’ மெனுவில் ‘இன்ஃபோ’, அதில் ‘புரொடெக்ட் ஒர்க்புக்’, அதற்குள் ‘என்கிரிப்ட் வித் பாஸ்வேர்டு’ என்று இருக்கிறது. இது மட்டும்தான் எக்செல்லில் உண்மையான பூட்டு. பாஸ்வேர்டு தெரியாமல் ஃபைலுக்குள் இருப்பதைப் படிக்க முடியாதபடி முழு ஃபைலையும் குறியாக்கம் செய்துவிடும். இரண்டு எச்சரிக்கை. பாஸ்வேர்டை மறந்தால் மைக்ரோசாஃப்டாலும் மீட்டுத்தர முடியாது. திறக்கத் தெரிந்தவருக்கு ஃபைல் முழுவதும் தெரியும்; ஒரு பகுதியை மட்டும் காட்டுவது என்பது இதில் கிடையாது. ஆகவே பாஸ்வேர்டு இரண்டு பேருக்கு மேல் தெரியக் கூடாது, ஃபைல் போகும் அதே வாட்ஸ்அப்பில் பாஸ்வேர்டும் போகக் கூடாது.

லிஸ்ட் அனுப்பும்போது, மூல ஃபைலைப் பிரதி எடுத்து வேண்டாததை நீக்குவதைவிட, புதிய வெற்று ஃபைலைத் திறந்து வேண்டியதை மட்டும் ‘வேல்யூஸ்’ ஆக ஒட்டுவது நல்லது. நீக்குகிறபோது ஏதாவது ஒன்று தப்பும். ஒட்டுகிறபோது ஒட்டியது மட்டும்தான் இருக்கும். ஆனால் இடையில் மறைந்த நெடுவரிசைகளையும் சேர்த்து இழுத்துப் பிரதி எடுத்தால் அவையும் கூடவே வரும் என்பதை மறக்கக் கூடாது. அனுப்பும் முன் ‘இன்ஸ்பெக்ட் டாக்குமெண்ட்’ என்ற வசதியை ஒருமுறை ஓட்டினால், மறைந்திருக்கும் வரிசை, நெடுவரிசை, ஷீட் இருக்கிறதா என்று சொல்லிவிடும். பஸ்காரருக்கு எக்செல்லே வேண்டாம், பி.டி.எஃப். போதும். அதிலும் அச்செடுக்கும் முன் மறைத்தவை மறைந்தபடியே இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். 2008 செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் வங்கி திவாலானபோது அதன் ஒரு பகுதியை பார்க்லேஸ் வாங்கியது. வேண்டாம் என்று எக்செல்லில் ஹைட் செய்து வைத்திருந்த 179 ஒப்பந்தங்கள், நள்ளிரவுக் கெடுவுக்கு முன் அவசரமாக பி.டி.எஃப். ஆக்கும்போது வெளியே வந்து, வாங்கும் பட்டியலில் சேர்ந்துவிட்டன. திருத்தம் கேட்டு நீதிமன்றத்துக்குப் போக வேண்டியதாயிற்று.

கூகுள் ஷீட்ஸ் பயன்படுத்துகிறவர்கள் இப்போது அதிகம். அதில் மறைத்த ஷீட்டை எடிட்டர் உரிமை உள்ள எவரும் திறக்கலாம். பார்க்கும் உரிமை மட்டும் உள்ளவர் ஒரு காப்பி எடுத்து, தன் காப்பியில் திறக்கலாம். ஒரு நெடுவரிசையை அழித்தாலும், பழைய பதிப்புகளின் வரலாற்றில் அது இருக்கும். எடிட்டர் பின்னோக்கிப் போய்ப் பார்க்கலாம். அழித்த பிறகு புதிய காப்பி எடுத்து அதைப் பகிர்ந்தால் அந்த வரலாறு கூட வராது. ஒரு ஃபைலிலிருந்து இன்னொரு ஃபைலுக்குத் தேவையான பகுதியை மட்டும் இழுக்கும் ‘இம்போர்ட்ரேஞ்ச்’ என்ற ஃபார்முலா பலருக்குத் தெரியும். நல்ல வழி, ஆனால் அதில் ஒரு கண்ணி உண்டு. ஒருமுறை அனுமதி கொடுத்துவிட்டால், அந்த இரண்டாவது ஃபைலின் எடிட்டர் எவரும் ஃபார்முலாவை மாற்றி எழுதி மூல ஃபைலின் எந்தப் பகுதியையும் இழுக்க முடியும். ஆகவே அந்த இரண்டாவது ஃபைலைச் சூப்பர்வைசர்களுக்குப் பார்க்கும் உரிமையோடு மட்டும் கொடுக்க வேண்டும். ‘லிங்க் இருக்கும் எவரும்’ என்ற அமைப்பை ஆள் விவரம் உள்ள எந்த ஷீட்டிலும் வைக்கக் கூடாது. லிங்க் ஒருமுறை குரூப்புக்குள் போனால் அது எங்கே நிற்கும் என்று அனுப்பியவருக்கே தெரியாது.

சட்டமும் வந்துகொண்டிருக்கிறது. 2023 ஆகஸ்டில் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. 2025 நவம்பரில் விதிகள் வெளியாயின. முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து நடைமுறைக்கு வருகின்றன. நியாயமான பாதுகாப்பு எடுக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்கிறது சட்டம். அந்தத் தொகையைப் பார்த்து இது பெரிய கம்பெனிக்கான சட்டம் என்று சின்னக் காண்ட்ராக்டர்கள் ஒதுங்கிவிடக் கூடாது. ஆதார் எண்ணைப் பொதுவில் வெளியிடக் கூடாது என்பது 2016 ஆதார் சட்டத்திலேயே இருக்கிறது.

மறைப்பைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. மற்றவர் கண்ணிலிருந்து மறைக்க வேண்டிய அந்த வரிசை, உரியவர் கண்ணிலிருந்து மறைக்கக் கூடாதது. தன் வேலை நாள் எவ்வளவு என்று பதிந்திருக்கிறது, ஓவர்டைம் எத்தனை மணி, முன்பணத்தில் எவ்வளவு பிடித்தார்கள் என்று கேட்கும் பெண்ணிடம் “ஷீட் லாக்ல இருக்கும்மா, காட்ட முடியாது” என்று சொல்லும் வழக்கம் இருக்கிறது. அந்தப் பூட்டு தொழிலாளியைக் காக்கவில்லை, கணக்கு எழுதியவரைக் காக்கிறது. சம்பளச் சீட்டு கேட்பது உரிமை. டோக்கன் நம்பர் போட்டுத் தன் வரிசையை மட்டும் அச்செடுத்துக் கொடுப்பது ஐந்து நிமிட வேலை. மாதா மாதம் கேளுங்கள். ஆதார் நகல் கேட்டால், எதற்கு என்று கேளுங்கள். புதிதாக பி.எஃப். பதிவதற்கு என்றால் முழு எண் கொடுக்கத்தான் வேண்டும். ஹாஸ்டல் ரெஜிஸ்டருக்கு, கேட் பாஸுக்கு என்றால், கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் ‘மாஸ்க்’ செய்த ஆதார் போதாதா என்று கேட்டுப் பாருங்கள். ஆதார் ஆணையத்தின் இணையதளத்திலேயே அதை எடுக்கலாம். ஆதாரோடு இணைத்த செல் நம்பர் கையில் இருந்தால் வீட்டிலிருந்தபடியே எடுத்துவிடலாம்.

வேலையை விட்டுப் போனவர்களின் வரிசைகள் இன்னும் பாக்கி இருக்கின்றன. பழைய சூப்பர்வைசர்களின் கைபேசிகளில், பிரிந்துபோன வாட்ஸ்அப் குரூப்களில், ஜெராக்ஸ் கடைக் கம்ப்யூட்டர்களின் டவுன்லோட் ஃபோல்டர்களில் அவை கிடக்கின்றன. எத்தனை காலம் வைத்திருக்கலாம், எப்போது அழிக்க வேண்டும், அழித்ததை யார் சரிபார்ப்பது என்பதை அடுத்த வாரம் எடுத்துக்கொள்வோம்.

(தொடரும்)